முன்சக்கரமும் பின்சக்கரமும்

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கர வண்டியைப் பற்றி எழுதப் புகுவது, பனங்கூடலிலே நின்றுகொண்டு பனையின் பெருமையைப் பேசுவதை ஒக்கும். நம் பாட்டன்மார் ரலியும் ஹம்பரும் வைத்திருந்தனர். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அவற்றைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மழை நாளில் விறாந்தையில் ஏற்றி வைத்தனர். 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளுக்குத் தடை வந்தபோது குடாநாட்டின் பாரமெல்லாம் இரண்டு சக்கரங்களின்மேல் ஏறிற்று. விறகும் நெல்மூடையும் நோயாளியும் கரியரிலே பயணஞ் செய்த காலம் அது. இத்தகைய ஊரிலே சைக்கிள் ஓட்டம்பற்றி ஒருவன் உபதேசஞ் செய்ய முற்பட்டால் வாசகர் சிரிப்பர். சிரிப்பது நியாயமே.

ஆயினும், தனியே ஓடுதல் ஒன்று. கூடி ஓடுதல் வேறொன்று. அண்மைக் காலமாக ஞாயிறு காலைகளிலே, பொழுது நன்கு புலரு முன்னரே, பத்துப் பன்னிருவர் ஒருவர் பின் ஒருவராய் நிரை கட்டிச் செல்வதை நம் வீதிகளிற் காணலாம். மெல்லிய ரயர் பூட்டிய பந்தயச் சைக்கிள் சிலரிடம் உண்டு. லுமாலாவிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்பவரும் உளர். ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், பல்கலைக்கழக மாணவர், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எனப் பல திறத்தினரும் அங்கே ஒன்றாகின்றனர். வகுப்பறையிலே எனக்கு முன்னால் எழுந்து நிற்கும் மாணவன் வீதியிலே எனக்கு முன்னால் ஓடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வாறான கூட்டமொன்றில் நானும் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து ஓடி வருகின்றேன்.

கூடி ஓடுவதில் உள்ள இன்பத்துக்குக் காரணம் நட்பு மாத்திரமன்று. பௌதிகமும் ஒரு காரணம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலே சமதரையிற் செல்லும் ஒருவன் செலவிடும் வலுவின் மிகப் பெரும் பகுதி காற்றைப் பிளப்பதற்கே போகின்றது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆதலின் வேகத்தை இரட்டிக்க விரும்புபவன் காற்றை வெல்ல எட்டு மடங்கு வலுவைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் முன்னே ஒருவன் காற்றைப் பிளந்து செல்ல, அவன் முதுகின் பின்னே ஒட்டிச் செல்பவனுக்கு உழைப்பிலே ஏறக்குறைய நாலில் ஒன்று, சில வேளை மூன்றில் ஒன்றுகூட, மிச்சமாகும். இந்த மிச்சத்தை ஒருமுறை சுவைத்தவன் பின்னர் அதனை எளிதில் விட மாட்டான். இரண்டு முழம் இடைவெளி ஒரு முழமாகும். ஒரு முழம் ஒரு சாணாகும். விபத்து பிறப்பது அந்தச் சாணிலேதான்.

சிறிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். முன்னாற் செல்பவன் சற்றே பிறேக்கை அழுத்துகிறான். அவனுடைய வேகம் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் வீதம் குறைகிறது என்க. அதனைப் பின்னால் வருபவனுடைய கண் கண்டு, மூளை அறிந்து, விரல் இயங்க முக்காற் செக்கன் வேண்டும். அதற்குள் இருவருக்கும் இடையிலே அரை மீற்றருக்குச் சற்று மேலான தூரம் கரைந்துவிடும். அரை மீற்றர் இடைவெளி விட்டு ஓடுபவனுக்கு, அவனுடைய விரல் பிறேக்கைத் தொடும்போது கையிருப்பு ஒன்றுமில்லை. அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப் போவதில்லை.

இனி, நடந்ததைச் சொல்கின்றேன்.

சென்ற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றிலே ஒன்பது பேர் மானிப்பாய், சங்கானை வழியாகக் காரைநகருக்குப் புறப்பட்டோம். கசூரினாக் கடற்கரையிலே இளைப்பாறித் திரும்புவது எண்ணம். பொன்னாலையைத் தாண்டியதும் வீதி கடல்நீருக்கு நடுவே செல்கின்றது. பொன்னாலைப் பாலம் என்று ஊரவர் வழங்கும் இந்தத் தாம்போதியிலே மரமில்லை, மதிலில்லை. காற்றை மறிப்பதற்கு ஒரு பனையேனும் இல்லை. அன்றோ சோளகக் காற்று இடப்பக்கத்தால் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். மனிதனும் சைக்கிளும் சேர்ந்தால் அம்மியிலும் அதிக எடையில்லாதவை போலத்தான் தோன்றும்.

பக்கக் காற்று வீசும்போது ஒரு வினோதம் நிகழும். காற்றின் நிழல் முன்னவனுடைய நேர் பின்னால் விழாது, சாய்வாக விழும். இடப்பக்கத்தால் வரும் காற்றுக்கு அந்நிழல் வலப்புறமாகச் சரியும். ஒருவரும் சொல்லிக் கொடாமலே பின்னால் வருபவன் அந்த நிழலைத் தேடி வலப்புறம் ஒதுங்குவான். ஒதுங்கியவன் மெல்ல முன்னேறுவான். சிறிது நேரத்திலே அவனுடைய முன்சக்கரம் முன்னவனுடைய பின்சக்கரத்துக்கு வலப்பக்கமாக, அதனோடு அரைச் சக்கரம் ஒன்றியபடி ஓடிக்கொண்டிருக்கும். பந்தய வீரர் இதனையே வேண்டுமென்று விசிறிபோல விரித்து ஓடுவர். அவர்களுக்கு மூடிய வீதி உண்டு, பழக்கமும் உண்டு. நமக்கோ எதிரே பஸ் வருகிறது.

அன்று இவ்வாறு ஒன்றி ஓடியவன் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன். அவனுக்கு முன்னே சென்றவர் வங்கியிலே பணியாற்றும் ஒரு நண்பர். வீதியிலே ஒரு கிடங்கு. மிகப் பெரியதன்று, ஒரு சோற்றுத் தட்டின் அளவு. நண்பர் சட்டென வலப்புறம் விலத்தினார். அவருடைய பின்சக்கரம் பையனுடைய முன்சக்கரத்தை இடப்பக்கத்தால் உரசிற்று. ரயரும் ரயரும் உரசும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்; துணி கிழிவது போன்றது. அடுத்த கணம் பையன் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். அவனுக்குப் பின்னால் வந்த மாணவன் அவனுடைய சைக்கிளில் மோதி, ஹான்டிலின் மேலாகச் சென்று புல்லிலே விழுந்தான். ஐந்தாமவனாக வந்த நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டோம். முன்னே சென்ற நண்பருக்கோ ஒன்றும் நேரவில்லை. இருபது யார் சென்ற பின்னரே அவர் திரும்பிப் பார்த்தார்.

உரசியவர் விழவில்லை, உரசப்பட்டவன் விழுந்தான். இது என்ன நீதி என்று வழியிலே ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சைக்கிள் நிமிர்ந்து ஓடுவது அதன் சக்கரம் சுழல்வதனால் மாத்திரம் என்று நெடுங்காலம் பலர் கூறி வந்தனர். 2011ஆம் ஆண்டிலே 'சயன்ஸ்' சஞ்சிகையில் அமெரிக்க, ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட கட்டுரை, சுழற்சியின் விளைவையும் முன்சக்கரம் பின்னிழுபடும் விளைவையும் நீக்கிச் செய்த ஒரு சிறு வண்டியும் தானாகவே நிமிர்ந்து ஓடக்கூடும் என்று காட்டிற்று. எது எவ்வாறாயினும், சைக்கிள் ஓடுபவன் செய்வது ஒன்றே: விழப் பார்க்கும் பக்கத்துக்குச் சக்கரத்தைத் திருப்பி, விழுகின்ற உடலின் கீழே மறுபடியும் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகின்றான். நாம் ஒவ்வொரு செக்கனும் இதனை அறியாமலே செய்துகொண்டிருக்கின்றோம். இடப்பக்கம் சாயும் பையன் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அங்கேயோ மற்றவருடைய சக்கரம் சுவர்போல நிற்கின்றது. திருப்ப முடியாத சைக்கிள் விழுவதையன்றி வேறொன்றும் செய்யாது. முன்னவருடைய பின்சக்கரமோ திரும்பும் சக்கரமன்று. அதன்மேல் அவருடைய உடலின் பாரமும் இருக்கின்றது. அது அசையாமற் போய்விட்டது. அனுபவசாலிகள், சக்கரம் உரசினால் வெருண்டு விலகாது, உரசும் பக்கத்துக்கே சிறிது சாய்ந்து கொடுத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும் என்பர். சொல்வது எளிது.

விழுந்தவனைச் சுற்றி ஒரு நிமிஷத்தினுள் கூட்டம் கூடிவிட்டது. நீரிலே நின்று இறால் வலை இழுத்தவர் இருவர் வலையை விட்டுவிட்டு ஓடி வந்தனர். ஒருவர் போத்தலிலே தண்ணீர் கொணர்ந்தார். இன்னொருவர் பையனைக் கக்கத்திலே பிடித்துத் தூக்க முனைந்தார். நம் நாட்டவரின் இரக்கம் முதலிலே கைகளுக்கு வருகிறது. விழுந்தவனை நிமிர்த்தி நிறுத்திவிட்டால் பாதித் துன்பம் தீர்ந்தது என்பது நம் எண்ணம். அவரை மெல்லத் தடுத்து, "தம்பி, கழுத்து நோகுதோ? கை கால் விறைக்குதோ?" என்று கேட்டோம். இல்லை என்றான். இருவர் முன்னும் பின்னும் சென்று வாகனங்களை மறித்தனர். அதன் பின்னரே அவனை எழுப்பி வீதியோரம் இருத்தினோம். இதற்கிடையில் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

முழங்காலும் முழங்கையும் உரைந்து இரத்தம் கசிந்தது. இரண்டாமவனுக்கு அதுவும் இல்லை; புல் அவனைக் காத்தது. பையன் சிரித்தான். "ஒண்டுமில்லை சேர், ஓடலாம்" என்றான். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அப்போது அவன், "என்ரை சைக்கிளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான். முன்சக்கரத்து றிம் வளைந்துவிட்டது என்று சொன்னோம். இரண்டு நிமிஷம் கழிந்தது. "என்ரை சைக்கிளுக்கு என்ன நடந்தது?" என்று மீண்டும் கேட்டான். சொன்னோம். அவனுடைய தோழர் றிம்மைக் கையால் நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் முறையும் அதே கேள்வி, அதே குரலில், முதன்முறை கேட்பவன்போல வந்தது.

முழங்காலின் இரத்தத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டே அஞ்சினேன். அவனுடைய தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தோம். இடப்பக்கத்து நுரை நெடுக வெடித்திருந்தது. தலையிலோ ஒரு கீறலும் இல்லை. மூளை அதிர்ச்சி என்பது வெளியே காயம் காட்டாமல் வருவது. நினைவு தப்பாமலும் வருவது. கேட்டதையே கேட்டல், விழுந்த கணத்தை மறத்தல், மந்தமான பார்வை, தலைச்சுற்று, குமட்டல் ஆகியன அதன் அடையாளங்கள். அந்த நிலையில் உள்ளவனை அன்றைய தினம் மீண்டும் சைக்கிளிலே ஏற்றலாகாது. அவனுடைய சமநிலையும் தீர்ப்பும் தளர்ந்திருக்கும். மறுபடி விழுந்தால் இரண்டாவது அடி முதலாவதிலும் கொடியதாகலாம்.

ஆனால் அதைச் சொன்னவுடன் எதிர்ப்புக் கிளம்பிற்று. கசூரினாவுக்கு இன்னும் சிறிது தூரமே. மெல்ல ஓடினால் என்ன என்றனர் தோழர். பையனோ என் கையைப் பிடித்துக்கொண்டான். "வீட்டை மட்டும் சொல்லாதேங்கோ சேர். அப்பா சைக்கிளை வித்துப்போடுவார்." அவனுடைய கண் கலங்கிற்று. உடம்பு நொந்ததற்கு அழாதவன் இதற்கு அழுதான். ஆசிரியனாக இருப்பவர்க்கு மாணவர் இரகசியம் பல தெரியும். பெரும்பாலானவற்றைக் காத்தலே முறை. இதனைக் காத்தல் இயலாது. தலையில் அடிபட்டவனுக்கு அருகே, அந்த நாளும் அந்த இரவும், நடந்ததை அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். தலைவலி கூடுகிறதா, வாந்தி வருகிறதா, எழுப்பினால் எழும்புகிறானா, பேச்சுக் குழறுகிறதா, ஒரு கை தளர்கிறதா, கண்மணிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டியவர் அவர். அறியாத தாய் 'பிள்ளை களைத்து நித்திரை கொள்ளுது' என்று போர்த்துவிட்டுப் போவாள். ஆதலின் ஓட்டோ ஒன்றை மறித்து, அவனையும் இன்னொருவரையும் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அவனுடைய வீட்டுக்கு நானே தொலைபேசியிற் பேசினேன்.

அவன் போன பின்னர், யார்மேற் குற்றம் என்ற வழக்கு வீதியோரத்திலே தொடங்கிற்று. "நான் கிடங்கை விலத்தினனான்; பின்னாலை வாறவர் பார்த்து வரவேண்டாமோ?" என்றார் வங்கி நண்பர். "அண்ணை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றான் புல்லில் விழுந்தவன். கூட்டோட்டத்தின் மரபு இரண்டையும் ஏற்கின்றது. தன் முன்சக்கரத்துக்குப் பொறுப்பாளி அதனை ஓட்டுபவனே. பிறர் பின்சக்கரத்தோடு அதனை ஒன்றவிட்டவன் தன் சமநிலையைப் பிறர் கையிற் கொடுத்தவனாவான். அதே வேளையில், முன்னே ஓடுபவன் தனக்காக மாத்திரம் பார்ப்பவனல்லன். பின்னால் வருபவனுக்குத் தெரிவது முன்னவனுடைய முதுகொன்றே. முன்னவன் கையால் நிலத்தைச் சுட்டி, "கிடங்கு!" என்றோ "மண்!" என்றோ குரல் கொடுத்து, மெல்ல விலத்த வேண்டும், சடுதியாக வெட்டலாகாது. எனக்கோ, அந்த இருவரிலும் நண்பருடைய பக்கம் சற்றுப் பாரமாகவே தோன்றியது. பதினெட்டு வயதினனுக்கு முன்னே ஓடும் நாற்பது வயதினர் இரண்டு கண்ணோடு போதாது. இதனை அவரிடமும் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு அவர் பேசவில்லை.

உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரரும் விழுகின்றனர் என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. 2021ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி, பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தின் முதல் நாளிலே, வீதியோரத்தில் நின்ற பெண்ணொருவர் தொலைக்காட்சிக் கமெராவுக்குக் காட்டுவதற்காகக் கடதாசி மட்டையொன்றை வீதிக்குள் நீட்டினார். யேர்மானியராகிய ரோனி மார்ட்டின் அதிலே மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தோர் பலர் குவியலாக வீழ்ந்தனர். 2003ஆம் ஆண்டு மார்ச்சிலே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசக்கஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலேவ் தலைக்கவசமின்றி ஓடி விழுந்து மறுநாள் இறந்தார். அதுவரை வீரர் விரும்பினால் அணிவது, விரும்பாவிட்டால் விடுவது என்றிருந்த தலைக்கவசத்தைச் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் அவ்வாண்டிலேயே கட்டாயமாக்கியது.

பையனுடைய கதைக்கு வருவோம். தலையைப் பொறுத்தவரை பயமில்லை என்றனர் வைத்தியர். ஓரிரவு வைத்துப் பார்த்தே அனுப்பினர். மயக்கம் தெளிந்த பின்னரே அவன் இன்னொரு நோவைச் சொன்னான். விழும்போது இடக்கையை ஊன்றியிருக்கிறான். பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டோடு சேரும் பள்ளத்தை அழுத்தினால் நோகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்திலே ஒரு முறிவும் தெரியவில்லை. தெரியாதிருந்தும் வைத்தியர் கையைச் சாந்து வைத்துக் கட்டிவிட்டார். 'முறியாத கைக்கு ஏன் கட்டு?' என்று உறவினர் முணுமுணுத்தனர். கட்டை வெட்டிவிட்டு நோவெண்ணெய் போட்டு உருவலாம் என்று ஒரு பெரியவர் யோசனையும் கூறினார். நல்ல வேளையாகத் தாய் இணங்கவில்லை. மணிக்கட்டிலே தோணி வடிவமான ஓர் என்பு உண்டு. ஊன்றி விழுவோர்க்கு அது வெடிப்பதும், அவ்வெடிப்பு முதற் படத்திலே தெரியாமல் பத்துப் பதினான்கு நாட்களின் பின்னரே தெரிவதும் உண்டு. அதன் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லும் வழி குறுகியது. ஆதலின் கவனியாது விட்டால் அது பொருந்தாமலே போய், கை ஆயுள் முழுவதும் நோகும். இரண்டு வாரத்தின் பின் எடுத்த படத்திலே மயிரிழைபோல அந்த வெடிப்புத் தோன்றிற்று.

நான் அவனைப் பார்க்க வீட்டுக்குச் சென்றபோது தாயார் தேநீர் தந்துவிட்டு, "பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் காணாதோ சேர்? ஏன் இந்த ஓட்டம்?" என்று கேட்டார். அவருக்கு நான் நெடிய பதில் சொல்லவில்லை. முதுகு வளையாமல், மூச்சு நன்றாக இறங்கி ஏறி, தம் ஊரைத் தம் கண்ணால் காணும் பிள்ளைகளை அவர் என்னைப்போல ஞாயிறு தோறும் பார்த்தவரல்லர். தந்தையார் சந்தையிலே மரக்கறி வியாபாரஞ் செய்பவர். அதிகாலை நாலு மணிக்கு மூடைகளைக் கரியரிற் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போகிறவர். வெகு நேரம் பேசாதிருந்தவர் பின்னர், "நான் முப்பது வருஷமாய் மூடை கட்டி ஓடுறன். ஒருத்தனுக்குப் பின்னாலை ஒட்டி ஓடினதில்லை" என்றார். பௌதிகம் படியாதவர் சொன்ன அந்தச் சொல்லிலே என் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது. சைக்கிளை அவர் விற்கவில்லை. கட்டு அவிழ்க்கும் வரை அதனைப் பூட்டித் திறப்பைத் தாமே வைத்துக்கொண்டார்.

தாம்போதியிலே பக்கக் காற்று வீசும் நாட்களில் இப்போது எங்கள் கூட்டம் நிரையைக் கலைத்து, ஒருவர்க்கொருவர் இரண்டு சைக்கிள் நீள இடைவெளி விட்டுச் செல்கின்றது. உழைப்புக் கூடுகிறது என்று இளைஞர் முறையிடுகின்றனர்.

வெடித்த தலைக்கவசத்தைப் பையன் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தான். புதிது வாங்கப் பணம் வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. ஒட்டிய நுரை மறுமுறை உதவாது. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தலை நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகம் கொண்டிருக்கும். அந்த வேகத்தை ஓரிரண்டு மில்லிமீற்றரினுள் நிறுத்தாமல், தான் நசுங்கிச் சற்று நீண்ட தூரத்தில் நிறுத்துவதே நுரையின் வேலை. நசுங்கியது மீண்டும் எழும்பாது. ஒன்பது பேரிடமும் பணம் சேர்த்துப் புதியதொன்று வாங்கிக் கொடுத்தோம். வங்கி நண்பரே முதலிற் கொடுத்தார். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது எங்கள் பௌதிக ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கின்றது. சென்ற வாரம் மாணவர் வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்த்தனர்: நெற்றிக்கு மேலே, இடப்பக்கத்தில், நுரை 6 மில்லிமீற்றர் மெலிந்திருந்தது.